பிள்ளையை நடிக்க அனுப்பும் முன்

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் எங்கள் குழுவின் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் கறவை மாட்டுக் காப்பீடு பற்றிப் பேசினார்கள். அதற்கு முந்தின கூட்டத்தில் சொட்டுநீர்ப் பாசனம் பற்றிப் பேசினார்கள். இன்று எங்கள் குழுவைப் பேசச் சொன்னபோது, பிள்ளைகள் விளம்பரத்திலும் சினிமாவிலும் நடிப்பதைப் பற்றிப் பேசுகிறோம் என்று பெயர் கொடுத்தோம். "மகளிர் குழுவில சினிமாப் பேச்சா?" என்று சிலர் சிரித்தீர்கள். சிரிப்பதில் தப்பில்லை. ஆனால் இந்த விஷயத்தில் எங்கள் உறுப்பினர் ஒருவர் 18,000 ரூபாயை இழந்தார். அது குழுவிலிருந்து கடனாக எடுத்த பணம். அந்தக் கடனுக்குக் கையெழுத்துப் போட்டவர்கள் நாங்கள். அதனால் இது சினிமாப் பேச்சு மட்டும் இல்லை, நம் தீர்மானப் புத்தகத்தைப் பற்றிய பேச்சும்தான்.

எங்களுக்கு நேர்ந்தது இன்னொரு குழுவுக்கு நேரக் கூடாது என்பதற்காக, வெட்கப்படாமல் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறோம்.

நடந்தது என்ன?

2023 மே மாதம். கோடை விடுமுறை. பக்கத்து டவுனில் ஜவுளிக்கடை வாசலில் ஒரு நோட்டீஸ் கொடுத்திருக்கிறார்கள். "உங்கள் குழந்தை விளம்பரப் படத்தில் நடிக்க வேண்டுமா? தேர்வு இலவசம்" என்று போட்டிருந்தது. எங்கள் உறுப்பினர், ஏழு வயது மகளைக் கூட்டிக்கொண்டு போனார். அந்தப் பாப்பா நல்ல துறுதுறுப்பு. டிவியில் வரும் சோப்பு விளம்பரத்தை அப்படியே பேசிக்காட்டும். "இதை நடிக்க விடு, எங்கேயோ போயிடும்" என்று தெருவே சொல்லும். நாங்களும் சொல்லியிருக்கிறோம்.

ஒரு கல்யாண மண்டபத்தில் தேர்வு நடந்தது. நாற்பது, ஐம்பது குடும்பங்கள் வந்திருந்தார்களாம். ஒவ்வொரு பிள்ளையையும் இரண்டு நிமிடம் பேசச் சொல்லி வீடியோ எடுத்தார்கள். சாயங்காலம் பெயர் வாசித்தார்கள். வந்த பிள்ளைகள் அத்தனை பேரும் தேர்வு! அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். இருபது பேர் படிக்கும் வகுப்பில் இருபது பேருக்கும் முதல் பரிசு கொடுத்தால் அது என்ன பரிசு? ஆனால் தன் பிள்ளையின் பெயரைக் காதால் கேட்ட தாய்க்கு மற்ற பெயர்கள் காதில் விழுமா?

அதன் பிறகுதான் பணப் பேச்சு. போட்டோ ஆல்பம், பதிவுக் கட்டணம், அடையாள அட்டை எல்லாம் சேர்த்து 18,000 ரூபாய். மூன்று நாளைக்குள் கட்டினால்தான் இடம் உறுதி, இல்லையென்றால் வேறு பிள்ளைக்குப் போய்விடும் என்றார்கள். எங்கள் உறுப்பினர் அழாத குறையாக வந்து நின்றார். அவசரக் கூட்டம் போட்டோம். பதினான்கு பேரில் ஒருவர்தான், வயதில் மூத்தவர், "வேலை குடுக்கிறவன் எதுக்குடி நம்மகிட்ட காசு கேக்கிறான்?" என்று கேட்டார். "உங்களுக்கு இந்தக் காலத்து விஷயம் தெரியாதுக்கா" என்று அவர் வாயை அடைத்துவிட்டோம்.

கடன் கொடுத்தோம். அதைவிடப் பெரிய தப்பு ஒன்றும் செய்தோம். தீர்மானப் புத்தகத்தில் "நடிப்புக்காக" என்று எழுதினால் தணிக்கையின்போது கேள்வி வரும் என்று பயந்து, "மகளின் கல்விச் செலவுக்காக" என்று எழுதினோம். உண்மையான காரணத்தை எழுதக் கூச்சமாக இருந்தது. எந்தக் கடனுக்கு உண்மையான காரணத்தை எழுதக் கூச்சமாக இருக்கிறதோ, அந்தக் கடனை இன்னொரு முறை யோசிக்க வேண்டும். இதை நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டோம்.

ஆல்பம் வந்தது. இருபது போட்டோ. பாப்பாவுக்கு முகம் முழுக்க வெள்ளையாகப் பவுடர் பூசி, வாடகை கவுன் போட்டு எடுத்திருந்தார்கள். ஒரு மாதம் போன் செய்தால் "லிஸ்ட்ல இருக்கு" என்றார்கள். இரண்டாம் மாதம் "பெரிய கம்பெனி பார்க்குது" என்றார்கள். மூன்றாம் மாதம் போன் அணைந்துவிட்டது. மண்டபத்தில் விசாரித்தால், இரண்டு நாள் வாடகைக்கு எடுத்தவர்கள், அவ்வளவுதான் தெரியும் என்றார்கள். நான்கு மாதம் கழித்துக் காவல் நிலையத்துக்குப் போனோம். கையில் இருந்த ரசீதைப் பார்த்தார்கள். அதில் "போட்டோ எடுத்த கட்டணம்" என்று மட்டும் எழுதியிருந்தது. போட்டோதான் எடுத்துக் கொடுத்துவிட்டார்களே! நடிப்பு வாய்ப்பு தருகிறோம் என்று வாயால் சொன்னார்களே தவிர, ஒரு வரி எழுதிக் கொடுக்கவில்லை.

மாதம் ஆயிரம் ரூபாய் வீதம் பதினெட்டுத் தவணை. பூக்கட்டியும், நூறு நாள் வேலைக்குப் போயும் 2024 நவம்பரில் கட்டி முடித்தார். வட்டியை மட்டும் குழு விட்டுக்கொடுத்தது. அதைத் தர்மம் என்று யாரும் நினைக்க வேண்டாம். கையெழுத்துப் போட்ட எங்களுக்கு நாங்களே போட்டுக்கொண்ட அபராதம் அது.

பணம் திரும்பிவிட்டது. ஆனால் அந்தப் பாப்பா ஒரு நாள் அம்மாவிடம், "நான் கறுப்பா இருக்கேன்னுதான் கூப்பிடலையாம்மா?" என்று கேட்டதாம். அதுவரைக்கும் கண்ணாடி முன்னால் நின்று ஆடிக்கொண்டிருந்த பிள்ளை, அதற்குப் பிறகு ஆடவில்லை. சகோதரிகளே, இந்த நஷ்டத்துக்கு எந்தப் புத்தகத்தில் பற்று எழுதுவது?

பணம் எந்தப் பக்கம் போகிறது?

அன்றைக்கு மூத்த அக்கா கேட்டாரே ஒரு கேள்வி, அதுதான் எல்லாவற்றுக்கும் தலையான கேள்வி. நடவுக்குப் போனால் கூலி நமக்கு வரும். கட்டட வேலைக்குப் போனால் மேஸ்திரி கமிஷன் பிடித்துக்கொண்டாவது கூலி தருவார். வேலைக்கு வருவதற்கு நீ முதலில் பணம் கட்டு என்று எந்த மேஸ்திரியும் கேட்பதில்லை. நடிப்பதும் ஒரு வேலைதான். பணம் தயாரிப்பாளரிடமிருந்து பிள்ளைக்கு வர வேண்டும். நம் மடியிலிருந்து அவர்கள் பைக்குப் போகக் கூடாது.

ஒரு விளம்பரப் படம் எப்படி எடுக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால் இது புரியும். சோப்போ பிஸ்கட்டோ செய்கிற கம்பெனி, விளம்பர நிறுவனத்திடம் வேலையைக் கொடுக்கிறது. அவர்கள் படம் எடுக்கும் தயாரிப்பு நிறுவனத்திடம் கொடுக்கிறார்கள். தயாரிப்பு நிறுவனம், "ஏழு வயதுப் பெண் குழந்தை, நன்றாகத் தமிழ் பேச வேண்டும்" என்று நடிகர் தேர்வு செய்பவரிடம் கேட்கிறது. அவர் பிள்ளைகளை வரவழைத்துப் பார்க்கிறார். அவருக்குச் சம்பளம் கொடுப்பது தயாரிப்பு நிறுவனம். நடுவில் ஏஜெண்ட் இருந்தால், பிள்ளைக்குக் கிடைக்கும் சம்பளத்திலிருந்து ஒரு பங்கை வேலை முடிந்த பிறகு எடுத்துக்கொள்வார். வேலையே கிடைக்காமல் முன்பணம் வாங்குகிறவர் பிழைப்பது பிள்ளைகளின் நடிப்பை வைத்து இல்லை. தாய்மார்களின் ஆசையை வைத்து.

சின்னப் பிள்ளைக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்து ஆல்பம் எடுப்பதும் தேவையில்லாத வேலை. ஆறு மாதத்தில் பல் விழும், முகம் மாறும், உயரம் கூடும். பிறகு அந்த ஆல்பம் எதற்கு ஆகும்? பகல் வெளிச்சத்தில், பவுடர் மேக்கப் இல்லாமல், நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முழு உருவம் ஒன்று என்று செல்போனிலேயே மூன்று படம் எடுத்தால் போதும். பெயர், வயது, வகுப்பு சொல்லி, ஒரு கதையோ பாட்டோ சொல்லும் ஒரு நிமிட வீடியோ ஒன்று. இதற்கு ஒரு பைசா செலவு கிடையாது.

இப்போது நோட்டீஸைவிட செல்போனில்தான் இந்த வலை அதிகம் வருகிறது. "உங்கள் குழந்தையின் படம் தேர்வாகிவிட்டது, பதிவுக்குப் பணம் அனுப்புங்கள்" என்று வரும். நாம் விண்ணப்பமே போட்டிருக்க மாட்டோம்! போனில் பணம் அனுப்பி ஏமாந்துவிட்டால் அழுதுகொண்டு உட்காராமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு உண்டு. எங்களைப் போல நான்கு மாதம் காத்திருக்க வேண்டாம்.

நடிப்பு கெட்டதல்ல

இவ்வளவு சொன்னதால், பிள்ளைகளை நடிக்கவே விடக் கூடாது என்று நாங்கள் சொல்வதாக நினைக்க வேண்டாம். கலை நம் ஊர்களில் பிறந்ததுதான். கூத்தாடிய பாட்டன், ஒப்பாரி பாடிய பாட்டி இல்லாத குடும்பம் எது?

கமல்ஹாசன் 1960-இல் 'களத்தூர் கண்ணம்மா'வில் நடித்தபோது ஐந்து வயதுப் பிள்ளை. குடியரசுத் தலைவரின் பதக்கம் கிடைத்தது. 'பசங்க' படத்தில் நடித்த சிறுவர்கள் இருவருக்கும், பிறகு 'காக்கா முட்டை'யில் நடித்த சிறுவர்கள் இருவருக்கும் தேசிய விருது கிடைத்தது. வெள்ளைத் தோலும் வாடகைக் கவுனும் அந்தப் பிள்ளைகளிடம் இல்லை. நம் தெருப் பிள்ளைகளைப் போலவே இருந்தார்கள், அதனால்தான் ஊர் கொண்டாடியது.

ஆனால் இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. அந்தக் காலத்தில் பாய்ஸ் கம்பெனி என்று நாடகக் கம்பெனிகள் இருந்தன. சின்னப் பையன்களைச் சேர்த்து, அங்கேயே சோறு போட்டு, பாட்டும் வசனமும் சொல்லிக்கொடுத்து ஊர் ஊராகக் கூட்டிப் போவார்கள். எம்.ஜி.ஆர். வறுமையால் பள்ளிக்கூடத்தை விட்டு, மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனிக்குப் போனவர். சிவாஜி கணேசனும் சிறு வயதிலேயே நாடகக் கம்பெனிக்குப் போனவர்தான். இந்த இரண்டு பெயரும் நமக்குத் தெரியும். அவர்களோடு படிப்பை விட்டுவிட்டுப் போன மற்றப் பையன்கள் என்ன ஆனார்கள்? அவர்கள் பெயர் யாருக்கும் தெரியாது.

1988-இல் 'சலாம் பாம்பே' என்ற இந்திப் படம் வந்தது. மீரா நாயர் எடுத்தது. பெங்களூரிலிருந்து பம்பாய்க்கு ஓடிப்போன ஷஃபிக் சையத் என்ற ஏழைச் சிறுவன் அதில் முக்கிய வேடத்தில் நடித்தான். தேசிய விருது வாங்கினான். படம் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. அதன் பிறகு அவனுக்குத் தொடர்ந்து வாய்ப்பு வரவில்லை. பெங்களூருக்கே திரும்பி, ஆட்டோ ஓட்டிப் பிழைத்தார். உழைத்துச் சாப்பிடுவது கேவலம் இல்லை. ஆனால் ஒரு படம் வந்தால் வாழ்க்கையே மாறிவிடும் என்று நாம் நம்பினால், இந்தக் கதையையும் நினைத்துக்கொள்ள வேண்டும். நடிப்பு வந்தால் வரட்டும், போனால் போகட்டும். படிப்பு நிற்கக் கூடாது.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது

ஏமாந்த பிறகு, நாங்கள் கூட்டமைப்பு மூலமாகச் சட்டம் தெரிந்தவர்களைக் கூட்டிவந்து கேட்டோம். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-இல் வந்தது. 2016-இல் அதைத் திருத்தினார்கள். பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வேலைக்கு வைக்கக் கூடாது என்பது பொது விதி. சினிமா, டிவி தொடர், விளம்பரம் போன்றவற்றில் கலைஞராக நடிக்க விலக்கு உண்டு. சர்க்கஸுக்கு அந்த விலக்கு கிடையாது. விலக்கு என்றால் இஷ்டம்போல் என்று அர்த்தமில்லை. பள்ளிப் படிப்பு பாதிக்கக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. 2017-இல் வந்த விதிகளில் நிபந்தனைகளை ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்கிறார்கள்.

படப்பிடிப்பு எந்த மாவட்டத்தில் நடக்கிறதோ அந்த மாவட்ட ஆட்சியரிடம் தயாரிப்பாளர் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். எந்தெந்தப் பிள்ளைகள் நடிக்கிறார்கள் என்ற பட்டியலும், பெற்றோரின் சம்மதமும், பிள்ளைகளின் பாதுகாப்புக்குப் பொறுப்பான ஆளின் பெயரும் கொடுக்க வேண்டும். ஐந்து பிள்ளைகளுக்கு ஒருவர் வீதம் பொறுப்பாளர் இருக்க வேண்டும்.

ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் பிள்ளையை வேலை வாங்கக் கூடாது. ஓய்வில்லாமல் தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. தொடர்ச்சியாக 27 நாளுக்கு மேல் கூடாது. விட்டுப்போகும் பாடத்தைச் சொல்லிக்கொடுக்கத் தயாரிப்பாளரே ஏற்பாடு செய்ய வேண்டும்.

பிள்ளைக்கு இஷ்டமில்லாமல் நடிக்க வைக்கக் கூடாது. "நடிக்க மாட்டேன்" என்று பிள்ளை சொன்னால் அதோடு முடிந்தது. இது தயாரிப்பாளருக்கு மட்டும் இல்லை, நமக்கும்தான். ஊர் பார்க்கிறதே, கூட்டிவந்துவிட்டோமே என்று அழுகிற பிள்ளையைக் கேமரா முன்னால் தள்ளக் கூடாது.

பிள்ளையின் பணம் பிள்ளைக்கு

இன்னொரு விதியைத் தனியாகச் சொல்கிறோம், ஏனென்றால் சேமிப்பு நம் குழுக்களின் உயிர். பிள்ளை சம்பாதிக்கும் பணத்தில் குறைந்தது 20 சதவீதத்தைத் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் பிள்ளையின் பெயரில் நிரந்தர வைப்பாக நேரடியாகப் போட வேண்டும். பிள்ளைக்கு 18 வயது முடிந்த பிறகு அது பிள்ளையின் கைக்குப் போகும்.

இப்படி ஒரு விதி எதற்கு? பெற்றவர்கள் பிள்ளைக் காசை எடுத்துவிடுவார்களா? அமெரிக்காவில் ஜாக்கி கூகன் என்று ஒரு சிறுவன் இருந்தான். 1921-இல் சார்லி சாப்ளினோடு 'தி கிட்' படத்தில் நடித்து உலகப் புகழ் பெற்றவன். லட்சக்கணக்கான டாலர் சம்பாதித்தான். பெரியவனாகிப் பார்த்தால் பணம் இல்லை. தாயும், தாயின் இரண்டாவது கணவரும் செலவழித்துவிட்டார்கள். 1938-இல் அவர்கள் மேலேயே வழக்குப் போட்டார். கொஞ்சம்தான் திரும்பக் கிடைத்தது. அந்த வழக்குக்குப் பிறகுதான் 1939-இல் கலிபோர்னியா மாநிலத்தில், பிள்ளை நடிகர்களின் சம்பளத்தில் ஒரு பங்கை ஒதுக்கி வைக்கச் சட்டம் வந்தது.

நம் வீடுகளில் கெட்ட எண்ணத்தில் யாரும் எடுப்பதில்லை. கூரை ஒழுகும், வட்டி கட்ட வேண்டியிருக்கும், அவர் குடித்துவிட்டு வந்து கேட்பார். கஷ்டம் வந்தால் முதலில் உடைவது பிள்ளையின் உண்டியல்தான். அதனால்தான் நம் கை எட்டாத இடத்தில் ஒரு பங்கு இருக்க வேண்டும். 20 சதவீதம் என்பது குறைந்தபட்சம்தான். முழுவதையும் போட்டால் யாரும் தடுக்கப்போவதில்லை.

கண் பார்வையில் இருக்க வேண்டும்

பாதுகாப்பு விஷயத்தில் கூச்சமே கூடாது. தேர்வானாலும் படப்பிடிப்பானாலும், பிள்ளை தாய் தகப்பன் கண் பார்வையில் இருக்க வேண்டும். "அம்மா வெளியில இருங்க, பிள்ளை கூச்சப்படும்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினால், பிள்ளையைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். உடை மாற்றும்போது பக்கத்தில் நாம் இருக்க வேண்டும். குறைந்த உடையில் படம் அனுப்பு என்று யார் கேட்டாலும் அனுப்பக் கூடாது. படம் அனுப்பும்போது வீட்டு விலாசம், பள்ளிப் பெயர் போடக் கூடாது.

18 வயதுக்குட்பட்ட பிள்ளையிடம் யார் தவறாக நடந்தாலும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி கடுமையான குற்றம். ஆண் பிள்ளைக்கும் அதே சட்டம்தான். 1098 என்ற எண்ணுக்குக் கூப்பிடலாம், காசு கிடையாது. "வெளியே தெரிஞ்சா மானம் போகும்" என்று மூடி மறைத்தால், தப்புச் செய்தவன் அடுத்த பிள்ளையிடம் போவான்.

இன்னொன்று. நடிக்கப் போகிறாய் என்று சொல்லிப் பிள்ளைக்கு வெள்ளையாக்கும் கிரீம் பூசுவது, குண்டாகிவிடுவாய் என்று சோற்றைக் குறைப்பது, இதெல்லாம் வேண்டவே வேண்டாம்.

எங்கள் ஊருக்குப் படப்பிடிப்பு வந்தபோது

இவ்வளவையும் தெரிந்துகொண்ட பிறகு, 2025 ஜனவரியில் எங்கள் ஊர்க் குளக்கரையில் படம் எடுக்க ஆள் வந்தார்கள். டீக்கடைக்காரர் மூலமாகப் பன்னிரண்டு பிள்ளைகள் வேண்டும் என்று சொல்லியனுப்பினார்கள். தலைக்கு 500 ரூபாய், சாப்பாடு. மறுநாள் திங்கட்கிழமை, பள்ளிக்கூட நாள்.

நாங்கள் ஐந்து பேர் போய் அந்த மேனேஜரிடம் கேட்டோம். "ஆட்சியர் அனுமதி இருக்குங்களா? எத்தனை மணி நேரம் வேலை? பிள்ளைகளுக்குப் பொறுப்பு யாரு?" என்றோம். அவர் சிரித்துவிட்டார். "ஒரே ஒரு சீன்மா. பிள்ளைங்க ஓடுற மாதிரி. அதுக்குப் போயி கலெக்டரா?" என்றார். நாங்கள் விடவில்லை. கடைசியில், "இந்த ஊர்ப் பொம்பளைங்க சட்டம் பேசுறாங்கப்பா, பக்கத்து ஊருக்குப் போகலாம்" என்று வண்டியைக் கிளப்பிவிட்டார்கள்.

அன்றைக்கு ராத்திரி எங்களுக்குத் தூக்கம் இல்லை. ஊரில் திட்டு வாங்கினோம். "வந்த லட்சுமியை விரட்டிட்டீங்க" என்று பெற்றோர்களே சொன்னார்கள். அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது: ஒரு குழு மட்டும் கேட்டால், அவர்கள் அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். ஆனால் அடுத்த ஊரிலும் நம் குழு இருக்கிறதே! உடனே அந்த ஊர் ஊக்குநருக்குப் போன் போட்டோம். விடிந்ததும் அங்கேயும் பெண்கள் போய் அதே கேள்விகளைக் கேட்டார்கள். அதற்கு அடுத்த ஊரிலும் கேட்டார்கள்.

பத்து நாள் கழித்து அதே மேனேஜர் அனுமதிக் கடிதத்தோடு எங்கள் ஊருக்கே திரும்பி வந்தார். பன்னிரண்டு பிள்ளைகள் இல்லை, ஐந்து பிள்ளைகள். சனி, ஞாயிறு இரண்டு நாள். காலையில் தொடங்கி மதியச் சாப்பாட்டோடு முடித்துக்கொண்டார்கள். பொறுப்புக்கு ஓர் அம்மாவை நியமித்தார்கள். ஒரு பையன் குளத்தில் இறங்க மாட்டேன் என்று அழுதபோது, அந்த அம்மாவே டைரக்டரிடம் சொல்லி அவனைக் கரையில் நிற்க வைத்தார். நாளொன்றுக்கு 1,500 வீதம் ஒரு பிள்ளைக்கு 3,000 ரூபாய். அதில் 600 ரூபாய் வைப்புக்கு. வங்கியில் ஆயிரத்துக்குக் குறைந்து வைப்புப் போட முடியாது என்றார்கள். மீதி 400 ரூபாயைப் பிள்ளையின் சம்பளத்திலிருந்தே பெற்றோர் சேர்த்துப் போட்டார்கள்.

ஆயிரம் ரூபாய் பெரிய தொகை இல்லைதான். நாமும் வாரம் பத்து ரூபாயில்தானே தொடங்கினோம்!

எங்கே தொடங்குவது?

பிள்ளைக்கு நடிப்பில் ஆசை இருந்தால், தொடங்குகிற இடம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. பள்ளி ஆண்டு விழா இருக்கிறது. அரசுப் பள்ளிகளில் 2022-23 கல்வியாண்டு முதல் கலைத் திருவிழா நடத்துகிறார்கள். அதில் நாடகம், பாட்டு, நடனம் என்று போட்டிகள் உண்டு. அரசின் கலை பண்பாட்டுத் துறை நடத்தும் ஜவகர் சிறுவர் மன்றங்களில் 5 முதல் 16 வயது வரை உள்ள பிள்ளைகள் பாட்டு, நடனம், ஓவியம் கற்கலாம். மாவட்டத் தலைநகருக்குப் போகும்போது விசாரித்துப் பாருங்கள். ஊர்க் கூத்து வாத்தியாரிடம் நாலு பாட்டுக் கற்றுக்கொண்டாலும் நல்ல பயிற்சிதான்.

வீட்டில் நாம் செய்யக்கூடியதும் உண்டு. ராத்திரி பிள்ளையைக் கதை சொல்லச் சொல்லிக் கேளுங்கள். கீரைக்காரம்மா எப்படிக் கூவுகிறார், பாட்டி எப்படி நடக்கிறார், கண்டக்டர் எப்படிப் பேசுகிறார் என்று பார்த்துச் செய்யச் சொல்லுங்கள். புத்தகத்தைச் சத்தம் போட்டு வாசிக்கச் சொல்லுங்கள். வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்குத்தான் வசனம் மனப்பாடம் ஆகும். படிப்பும் நடிப்பும் எதிரிகள் இல்லை.

கேட்க வேண்டிய ஏழு கேள்விகள்

எங்கள் குழு தீர்மானப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் இதை எழுதி ஒட்டியிருக்கிறோம். நீங்களும் எழுதிக்கொள்ளுங்கள்.

1. பிள்ளைக்கு உண்மையாகவே ஆசை இருக்கிறதா, நமக்கு மட்டும்தான் ஆசையா?
2. நம்மிடம் பணம் கேட்கிறார்களா? கேட்டால் அதோடு பேச்சு முடிந்தது.
3. தயாரிப்பாளர் யார், அலுவலகம் எங்கே, சம்பளம் எவ்வளவு என்று எழுத்தில் கொடுத்தார்களா?
4. மாவட்ட ஆட்சியரின் அனுமதி இருக்கிறதா?
5. எத்தனை மணி நேரம், எத்தனை நாள்? பள்ளி ஆசிரியருக்குத் தெரியுமா?
6. பொறுப்பாளர் யார்? நாம் கூடவே இருக்கலாமா?
7. பிள்ளை பெயரில் 20 சதவீதம் வங்கியில் போடுவார்களா?

கூட்டமைப்பிடம் எங்கள் குழு இரண்டு கோரிக்கைகளை வைக்கிறது. நடிப்பு வாய்ப்புக்குக் கட்டணம் கட்டுவதற்காக எந்தக் குழுவும் கடன் கொடுப்பதில்லை என்று இன்று தீர்மானம் போட வேண்டும். எந்த ஊருக்குப் படப்பிடிப்பு ஆட்கள் வந்தாலும், அந்த ஊர்க் குழு மற்ற ஊர்க் குழுக்களுக்கு அன்றே தகவல் சொல்ல வேண்டும். ஒரு ஊர் கேட்டால் தகராறு என்பார்கள். நாற்பது ஊர் கேட்டால் அதுதான் நடைமுறை என்று ஒத்துக்கொள்வார்கள்.

உட்காரும் முன் ஒன்று. அந்தப் பாப்பாவைப் பற்றிக் கேட்பீர்கள். குளக்கரைப் படப்பிடிப்புக்கு அவளைக் கூப்பிட்டோம், வரவில்லை என்று சொல்லிவிட்டாள். நாங்கள் வற்புறுத்தவில்லை. ஆனால் அந்த ஆண்டு பள்ளி ஆண்டு விழா நாடகத்தில், டீச்சர் கேட்டபோது, தானாகவே கை தூக்கிப் பாட்டி வேடம் வாங்கிக்கொண்டாளாம். எங்கள் மூத்த அக்காவின் நடையை அப்படியே நடந்துகாட்டினாள். முகத்தில் பவுடர் இல்லை. பள்ளிக்கூடமே சிரித்தது. முன் வரிசையில் உட்கார்ந்திருந்த அவள் அம்மா மட்டும் அழுதுகொண்டிருந்தார்.